பிரேக் தூளும் சால்மன் மீனும்



வாகனங்களால் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று மாணவரிடம் கூறும்போது நாம் புகையையே சுட்டிக் காட்டுகிறோம். அவர்கள் வரையும் சுவரொட்டிகளிலும் மகிழுந்தின் பின்புறம் கரும்புகை கிளம்பும். ஓடும் வண்டியை நிறுத்தும்போது அதிலிருந்து வெளிப்படும் நஞ்சைப் பற்றி ஆசிரியராகிய நாமும் பேசியதில்லை, பெற்றோரும் கேட்டதில்லை. அந்த நஞ்சைச் சட்டமியற்றித் தடுத்த வரலாறு அமெரிக்காவின் மேற்குக் கரையில் நிகழ்ந்தது. ஒரு கேட்டை நீக்கிவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்னும் வினா அவ்வரலாறு நெடுகிலும் வருவதால், அதனைச் சற்று விரிவாக எழுத விழைகிறேன்.

பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் பிரேக் பேட்டுகள் அழுத்திப் பிடிக்கின்றன. உராய்வினால் வண்டி நிற்கிறது; பேட்டும் சிறிது தேய்கிறது. தேய்ந்த பொருள் எங்கே போகிறது? ஒரு பகுதி சக்கரத்தில் கரிய தூளாகப் படிகிறது. வண்டி கழுவும் எவரும் அதனைக் கண்டிருப்பர். மீதி காற்றிலும் சாலையிலும் விழுகிறது. மழை பெய்தவுடன் அது வடிகாலில் இறங்கி, அங்கிருந்து ஆற்றுக்குப் போகிறது. சமையலறைக் கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. சாலையில் ஓடும் மழைநீருக்குப் பெரும்பாலான ஊர்களில் அது கிடையாது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரேக்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பயன்பட்டது. வெப்பத்தைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989ஆம் ஆண்டு கல்நார்ப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை விதித்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையின் பெரும்பகுதியை நீக்கிவிட்டது. ஆயினும் நோயுற்ற தொழிலாளர்கள் தொடுத்த வழக்குகளுக்கு அஞ்சி, உற்பத்தியாளர்கள் தாமாகவே கல்நாரைக் கைவிடத் தொடங்கியிருந்தனர். (அமெரிக்காவில் எஞ்சியிருந்த கல்நார் வகையாகிய கிரைசோடைலுக்குத் தடை ஆணை வந்தது 2024இல்தான்!)

கல்நாரை விட்டவர்கள் நாடிய பொருள்களுள் ஒன்று செம்பு. அது வெப்பத்தை விரைந்து கடத்தும். கிறீச்சென்ற ஒலியையும் அதிர்வையும் குறைக்கும். சில பேட்டுகளின் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை செம்பாகவே இருந்தது. செம்புப் பாத்திரத்தில் நீர் அருந்துவது நன்று எனக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் தீங்கு தோன்றாது. மனிதருக்கு ஊறு செய்யாத அளவே நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும் என்பதுதான் இங்குள்ள சிக்கல். குளத்துப் பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுவதில்லையா? அதுவும் செம்பின் உப்புதான்.

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்பகுதி ஆழமற்றது. கடல்நீர் அங்கே எளிதில் மாறுவதில்லை. பாலோ ஆல்டோ நகரின் கழிவுநீர் நிலையத்திற்கு அருகிலுள்ள சேற்றுநிலத்தில் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தார் 1970களிலிருந்து சிறு மட்டிகளை ஆராய்ந்து வந்தனர். அவற்றின் உடலில் செம்பும் வெள்ளியும் மிகுந்திருந்தன, இனப்பெருக்கமும் குன்றியிருந்தது. 1980களில் நிலையத்தின் சுத்திகரிப்பு மேம்பட்டதும் உலோகம் குறைந்தது, மட்டிகள் மீண்டன. ஆனால் விரிகுடாவில் செம்பு அற்றுப்போகவில்லை. அது வேறெங்கிருந்து வருகிறது என்று தேடியபோது சாலை மழைநீர் அகப்பட்டது. அதில் கலந்திருந்த செம்புக்குப் பிரேக் தூள் ஒரு பெரிய காரணம் என 1990களில் தெரியவந்தது.

அடுத்து நடந்ததை இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதியாக நான் கருதுகிறேன். 1996இல் பிரேக் உற்பத்தியாளர், மழைநீர் வடிகால் அதிகாரிகள், சூழலியல் அமைப்பினர், அரசு முகமையினர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து பிரேக் பேட் கூட்டணி ஒன்றை ஏற்படுத்தினர். பேட்டின் சேர்மானம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தொழில் இரகசியம்; அதை எப்படி வெளியிடுவர்? தூளில் எவ்வளவு காற்றில் போகிறது, எவ்வளவு ஓடைக்கு வருகிறது என்பதையும் எவரும் கணக்கிட்டிருக்கவில்லை. முதலில் அதை அளப்போம், பிறகு வழக்காடுவோம் என்பதுபோல் ஆய்வுகள் பத்தாண்டுக்கும் மேலாக நடந்தன. இவ்வளவு காலம் தேவையா எனப் பொறுமை இழப்போர் உண்டு. ஆனால் முடிவு வந்தபோது, அதனைப் பொய்யென்று சொல்ல எத்தரப்பாலும் இயலவில்லை. அளந்தவர்களே அவர்கள்தாமே.

வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் கவலை சால்மன் மீன். சால்மன் ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பும். ஓடையை அது இனங்காண்பது மோப்பத்தால். சியாட்டில் நகரிலுள்ள மீன்வள ஆய்வாளர்கள், லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பே இளஞ்சால்மனின் மோப்பத்தைச் சில மணி நேரத்தில் மழுக்கிவிடுவதைக் கண்டனர். அடிபட்ட மீனின் தோலிலிருந்து ஒருவித வாசனை நீரில் பரவும். அதனை உணர்ந்த பிற மீன்கள் அசையாது ஒடுங்கிவிடும். செம்பு கலந்த நீரில் இருந்த குஞ்சுகளோ எச்சரிக்கையை உணராமல் நீந்திக்கொண்டே இருந்தன. வேட்டை மீன்களுக்கு எளிதில் இரையாயின. செம்பு அவற்றைக் கொல்லவில்லை, பகைவனை அறியும் புலனைப் பறித்தது.

2010ஆம் ஆண்டு மார்ச்சில் வாஷிங்டன் ஆளுநர் கிறிஸ்டின் கிரகோயர் பிரேக் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், செனட்டர் கிறிஸ்டின் கீஹோ கொண்டுவந்த இதையொத்த சட்டத்தில் கலிபோர்னிய ஆளுநர் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் (ஆம், நாம் திரையில் கண்ட அதே நடிகர்தான்) கையெழுத்திட்டார். கல்நார், ஈயம், பாதரசம், காட்மியம், ஆறிணைதிறன் குரோமியம் ஆகிய ஐந்தும் கலிபோர்னியாவில் 2014இலும் வாஷிங்டனில் 2015இலும் விலக்கப்பட்டன. செம்புக்கு நீண்ட கெடு கிடைத்தது: 2021க்குள் எடையில் 5 விழுக்காட்டுக்குக் கீழும், 2025க்குள் அரை விழுக்காட்டுக்குக் கீழும் வரவேண்டும். இராணுவ வண்டி, மோட்டார் சைக்கிள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

இத்தனை ஆண்டுகள் ஏன் என்றால், பிரேக் என்பது உயிரைக் காக்கும் கருவி. மீனுக்காகப் பேட்டை மாற்றி, மழைநாளில் வண்டி நிற்காமற்போனால் யார் பொறுப்பு? ஆகவே மாற்றுப் பொருளைச் சோதிக்கக் காலம் வேண்டியிருந்தது. கல்நாருக்குப் பதில் செம்பு நுழைந்த கதையையும் சட்டம் மறக்கவில்லை. செம்புக்குப் பதிலாக எதைச் சேர்த்தாலும் அதன் தீங்கையும் முன்கூட்டியே ஆராய வேண்டும் என்று கலிபோர்னியச் சட்டம் கட்டாயமாக்கியது. இரு சட்டங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுவே.

இரண்டு மாநிலங்களுக்கென்று தனிப் பேட்டு செய்வது எந்தத் தொழிற்சாலைக்கும் கட்டுப்படியாகாது. அதனால் 2015 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வாகனத் தொழில் சங்கங்களும் ஓர் உடன்பாடு செய்து, அதே அளவுகளை நாடு முழுவதற்கும் தாமாக ஏற்றன. பேட்டின் விளிம்பில் ஏ, பி, என் என்ற ஆங்கில எழுத்துகளுள் ஒன்று பொறிக்கப்படுகிறது. 'என்' இருந்தால் செம்பு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. பெட்டியின்மேல் மூன்று இலைகள் கொண்ட ஒரு சின்னமும் இருக்கும். அமெரிக்காவுக்கும் விற்கும் நிறுவனத்தின் பேட்டை இங்கே வாங்கினால் அவ்விலைகளைக் காணக்கூடும். அடுத்தமுறை பட்டறைக்குச் செல்லும் பெற்றோர் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளிடம் காட்டலாம்.

இதோடு கதை இனிதே முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். சியாட்டில் ஓடைகளுக்குத் திரும்பிய கோஹோ சால்மன்கள், இலையுதிர்கால மழை பெய்ததும் முட்டையிடுமுன்பே மடிந்து வந்தன. உலோகங்கள்மீதும் எண்ணெய்க் கழிவுமீதும் ஐயம் எழுந்தது. அவற்றைக் கலந்த நீரில் ஆய்வகத்தில் விட்டபோது மீன்கள் சாகவில்லை. உண்மையான நெடுஞ்சாலை மழைநீரில் விட்டபோது செத்தன. 2020 டிசம்பரில்தான் விடை வெளியானது. டயரில் விரிசல் விழாமலிருக்க ரப்பரில் 6பிபிடி என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் வேறொரு பொருளே கொலையாளி. நம் பாட்டன்மார் விடியற்காலையில் மரஞ்சீவி எடுத்த பால் டயராகி உலகெங்கும் ஓடியது. அதில் பிற்காலத்தில் கலந்த ஒரு காப்புப்பொருள் இன்று ஒரு மீனினத்தின் வழியில் நிற்கிறது.

பிரேக் சட்டத்தால் கோஹோவின் அந்த மரணம் நிற்கவில்லை என்பது உண்மை. மோப்பம் கெடுவதைக் குறைக்க வந்த சட்டம் அது. அந்த வேலையை அது செய்கிறது. ஆனால் மாற்றுப் பொருளை ஆராய்ந்து காட்டு என்று உற்பத்தியாளரைக் கேட்கும் அதே முறையைக் கலிபோர்னியா 2023 அக்டோபரில் 6பிபிடி சேர்ந்த டயர்களுக்கும் விரித்தது. டயர் நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து தம் முதற்கட்ட ஆய்வறிக்கையை 2024இல் அளித்தன.