காப்பி (சொல்)

காப்பி: காப்பிச் செடியின் கொட்டையை வறுத்து அரைத்து வடிக்கும் பானத்தின் பெயர். காபி என்றும் எழுதுவர். உலக மொழிகள் பலவற்றில் இப்பெயருக்கு வேர் ‘கஹ்வா’ என்னும் அரபுச் சொல். பழைய அரபு அகராதிகள் அதற்கு ஒருவகை மது என்றும் பொருள் தருகின்றன. அது துருக்கியில் ‘கஹ்வே’ ஆகி, ஐரோப்பாவுக்குள் நுழைந்து இத்தாலியில் ‘கஃபே’, டச்சில் ‘கோஃபி’ எனத் திரிந்தது. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றுகிறது. எத்தியோப்பியாவின் கஃபா பகுதியே பெயருக்கு மூலம் என்பாரும் உண்டு. ஆனால் செடியின் தாயகமான அந்நாட்டின் அம்ஹாரிக் மொழியில் காப்பி ‘புன்னா’தான். அரபியில் கொட்டைக்கு வழங்கும் ‘புன்’ இதற்கு நெருக்கமானது.

பானத்தைத் தாண்டியும் சொல் பரந்தது. பிரெஞ்சில் ‘கஃபே’ பானத்தையும் கடையையும் குறிக்கும். துருக்கியர் பழுப்பைக் ‘கஹ்வேரெங்கி’ (காப்பி நிறம்) என்பர். காலை உணவு ‘கஹ்வால்த்தி’, அதாவது காப்பிக்கு முன் வயிற்றுக்கு இடுவது. டிகிரி காப்பிக்காரர்கள் இந்த வரிசையை ஏற்பது ஐயமே.

தமிழில் ‘காப்பி அடித்தான்’ என்பதில் வரும் காப்பி நகலைக் குறிக்கும் வேறு ஆங்கிலச் சொல். காபி இராகத்துக்கும் இப்பானத்துக்கும் தொடர்பில்லை. தனித்தமிழ் ஆர்வலர்கள் ‘குளம்பி’, ‘கொட்டைவடிநீர்’ ஆகியவற்றைப் பரிந்துரைத்தனர். முன்னது எழுத்தில் ஓரளவு வழங்குகிறது. பின்னது பெரும்பாலும் கேலிக்கே பயன்படுகிறது. பேச்சில் இன்றும் காப்பிதான்.