ஏக்கருக்கு நாலு ரூபாய்

மாரியூர் உப்பளத்தில் பாத்தி மிதித்த குடும்பத்துத் தம்பி ஒருவர் சென்னைக்குப் போய் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலையில் சேர்ந்தார். முதல் வாரமே எங்களுக்குப் போன் போட்டார். "அண்ணே, நம்மூர் கண்மாய் அளவுக்குப் பச்சையாக் கெடக்கு. ஆடுறது நாலு பேரு. இது யாரு எடம்ணே?"

கேள்வி நியாயமானது. அவர் வேலை பார்த்த இடத்தை விடுவோம். ஊரறிந்த கிண்டியை எடுத்துக்கொள்வோம். அங்கே குதிரைப் பந்தய மைதானத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. நிலம் அரசுடையது. 160.86 ஏக்கர். 1946 முதல் 99 ஆண்டுகளுக்குப் பந்தய கிளப்புக்குக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. வாடகையை உயர்த்தி அரசு கேட்டது, கிளப் மறுத்தது, வழக்கு நடந்தது. பாக்கி 730 கோடியே 86 லட்சத்தைக் கட்டச் சொல்லி 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பர் 9 அன்றுதான் வாசலுக்கு சீல் விழுந்தது. கணக்குப் போட்டால் 78 ஆண்டுகள்.

இதே மண்ணின் இன்னொரு கணக்கும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் அன்று கிண்டியை ஒட்டிய சைதாப்பேட்டையில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை யார் காப்பாற்றினார்கள்? 1994 அக்டோபரில் காரணையின் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். கிளப்பின் குத்தகைக்காக யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. வக்கீல்கள் போதும்.

கோல்ஃபே பணக்கார விளையாட்டுத்தானே என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸில் மைதானம் ஊர்ப் பொது நிலம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் நடக்கிறார்கள். டெல்லி லாடோ சராயில் டெல்லி வளர்ச்சி ஆணையம் 2000-இல் திறந்த குதுப் கோல்ஃப் மைதானத்தில் கட்டணம் கட்டினால் ஆடலாம். சென்னையிலோ கிண்டி ஜிம்கானா கையில் இருந்தது, நந்தனம் காஸ்மாபாலிட்டன் கையில்.

கிளப்பில் சேர விண்ணப்பத்தில் யாரும் சாதி கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் முன்மொழிய வேண்டும், அவ்வளவுதான். தாத்தா காலத்தில் யார் உள்ளே இருந்தார்களோ அவர்கள் வீட்டுக்குத் தெரிந்தவர்தான் இன்றும் உள்ளே வருவார். 1924-இல் ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவும் அரசுப் பணத்தில் பராமரிக்கும் குளம், சாலை, பொது இடங்களில் சாதியின் பேரால் தடை கூடாது என்கிறது. ஆனால் அரசு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டால் அது 'தனியார் கிளப்'. தடுப்பது சாதி இல்லை, விதிமுறை!

உள்ளே போன நம்மவர்களும் உண்டு, பையைச் சுமந்தபடி. பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். கல்கத்தாவில் புல்தரைப் பராமரிப்பாளரின் மகன் சவுராசியா 2016, 2017 என இரண்டு முறை வென்றார். அவர்கள் சாதி நமக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பது தெரிந்தால் போதும்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். அதற்கு 78 ஆண்டு பிடிக்கவில்லை. கிண்டியில் பூங்கா வரும், மழைநீருக்குக் குளம் வெட்டுவோம் என்றார்கள். வரட்டும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று தம்பி கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.