பேட்டைச் சுவருக்குள்ளே

விருதுநகர் பருப்பு மண்டி ஒன்றில் கணக்கு எழுதியே என் காலம் போனது. நாங்கள் போடும் சிட்டையில் சரக்கு விலை, கமிஷன், எடைகூலி, ஏற்றுகூலி என்று வரிசையாக வந்து, அடியில் ஒரு சின்னத் தொகை நிற்கும். அதுதான் மகமை, மூட்டைக்கு இவ்வளவு என்று. கமிஷனில் காலணாவுக்கும் மல்லுக்கு நிற்கிற வியாபாரிகூட அந்த வரியைப் பற்றி வாய் திறக்க மாட்டார். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற பணம் என்றுதான் இளவட்டங்களுக்குத் தெரியும். வழிப்பறிக்கு நடுங்கிய மனிதர்கள் சேர்க்க ஆரம்பித்த பணம் அது.

1801-இல் பாளையக்காரர்களைக் கிழக்கிந்தியக் கும்பினி ஒடுக்கியது. சண்டைகள் ஓய்ந்ததும் தெற்கே வியாபாரத்துக்கு வழி திறந்தது. திருநெல்வேலித் தேரிக்காட்டிலிருந்து நாடார் வியாபாரிகள் கருப்பட்டி, கருவாடு, புகையிலை என்று சுமந்துகொண்டு வடக்கே வந்தார்கள். விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் வேர் பிடித்தார்கள். அக்கம்பக்கத்தில் நிலபுலம் கிடையாது, ஆள்கட்டு கிடையாது. கையில் இருந்ததெல்லாம் சரக்குதான். அந்தச் சரக்கோ கரிசல்காட்டு வண்டித்தடத்தில் இரவும் பகலும் கிடந்தது.

கொள்ளை ஏன் பெருகியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதுவரை ஊருக்கு ஊர் காவல்காரர்கள் இருந்தார்கள். களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும் என்பது முறை. அதற்காக ஊரார் காவல் கூலி அளந்தார்கள். கும்பினி அந்த உரிமையைப் பிடுங்கியது. பல தலைமுறையாக வேலும் வளரியும் பிடித்த குடும்பங்களுக்கு மாற்றுப் பிழைப்பு எதையும் காட்டவில்லை. அவர்களில் சிலர் எந்தச் சாலையைக் காத்தார்களோ அதே சாலையில் வண்டி மறித்தார்கள். மாடு காணாமல் போனால் துப்புக்கூலி கொடுத்துத்தான் மீட்க முடியும் என்ற நிலை வந்தது. சர்க்கார் போலீஸோ எங்கோ தூரத்தில் இருந்தது.

ஆளுக்கு ஆள் தனியாகக் கப்பம் கட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அடுத்த மாதம் தொகை ஏறும். தனி வியாபாரிக்கு விடிவே இல்லை. இந்த இடத்தில்தான் அந்த ஆறு ஊர்க்காரர்கள் சரியான முடிவு எடுத்தார்கள் என்பேன். பயத்துக்குக் கொடுக்கிற காசைப் பொதுவில் போட்டு, ஊருக்கு ஊர் பேட்டை கட்டினார்கள்.

பேட்டை என்றால் ஆள் எட்டாத உயரத்துக்குச் சுற்றுச்சுவர். வண்டி நுழைகிற அகலத்தில் ஒரே வாசல், கனத்த கதவு. உள்ளே கிணறு, மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி, சரக்கு அடுக்க அறைகள், படுக்கத் தாழ்வாரம். பொழுது சாய்கிற நேரத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, மூட்டையை இறக்கியதும் கதவு சாத்தப்படும். விடிந்தால் அதே முற்றத்தில் கொள்முதல் நடக்கும். தங்கியதற்குக் கட்டணம், விற்றதற்கு மகமை. வசூலை ஊர் நாடார்களின் சபையான உறவின்முறை பார்த்துக்கொண்டது. சுற்றுமுறையில் பொறுப்புக்கு வந்த முறைகாரர்கள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கணக்கைப் படித்து ஒப்படைக்க வேண்டும். கணக்குப்பிள்ளையாக வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன், சுவரைவிட அந்தக் கணக்குக்குத்தான் பலம் அதிகம். இன்னார் காசு எங்கே போனது என்று கடைசி மனிதனும் கேட்கலாம் என்றிருந்ததால்தான் கொடுக்கிறவன் தொடர்ந்து கொடுத்தான்.

எல்லாவற்றையும் சுவர் தடுத்துவிடவில்லை. நாடார்கள் கோயில் நுழைவு உரிமை கேட்டதில் எழுந்த பகை முற்றி, 1899 ஜூன் 6-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் சிவகாசிக்குள் புகுந்து தீ வைத்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்கள் பலவும் எரிந்தன. அது சாலைக் கொள்ளை அல்ல, சாதிப் போர். சாலைத் திருட்டுக்குக் கட்டிய ஏற்பாடு அதன்முன் போதவில்லை. உறவின்முறைக்குள்ளும் குறைகள் இருந்தன. அது ஆண்களின் சபை. கட்டுப்பாட்டை மீறியவர்களிடம் கடுமையாக நடந்துகொண்டது. அதைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே களவுக்குச் சர்க்கார் கண்ட மருந்தைப் பாருங்கள். 1911-இல் குற்றப்பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். பட்டியலில் சேர்த்த சாதிகளில் திருடியவனும் திருடாதவனும் கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பிரமலைக் கள்ளர்கள் 16 பேர் செத்தார்கள். காவல் உரிமையைப் பறித்தவர்களே, பறிகொடுத்தவர்களின் பிள்ளைகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

மறுபடி பேட்டைக்கு வருகிறேன். 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓட ஆரம்பித்தது. சரக்கு வண்டித்தடத்திலிருந்து தண்டவாளத்துக்கு மாற, காவலுக்காகப் பேட்டை தேவைப்பட்ட காலம் மெல்ல முடிந்தது. மகமையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. 1889-இல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. அதற்கு மகமையோடு பிடி அரிசியும் சேர்ந்தது. உலை வைக்கும்முன் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். அதை வீடு வீடாக வாங்கி விற்று, வந்த பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். சபையில் உட்கார இடமில்லாத பெண்கள் அந்தப் பள்ளியைத் தாங்கினார்கள். 1903-இல் பிறந்த காமராஜர் அங்கே படித்தவர்தான். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. கூட்டுக் காசை நம்பிப் பழகிய ஊர்களுக்கு வங்கி புதிய யோசனையாக இருந்திருக்காது.

இன்றைக்கும் ரவுடி மாமூல் கேட்கிறான் என்று கடைக்காரர்கள் சங்கத்தில் வந்து அழுவதைப் பார்க்கிறேன். கடையடைப்பு நடத்துகிறார்கள், மனு கொடுக்கிறார்கள், மறுநாள் அவரவர் தனித்தனியே கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஆறு ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறவின்முறைக் கட்டடப் பரணிலோ பழைய மண்டி மச்சிலோ மகமை நோட்டுகள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கரையான் தின்னுமுன் எடுத்துத் தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறோம். கூப்பிட்டால் வருகிறோம்.