ஒத்தாசைப் பக்கம்: தமிழ்க் கலைக்களஞ்சியங்களும் கைகொடுத்தவர்களும்

திருவண்ணாமலையில் கிரிவலம் செல்வோர் நடக்கும் தூரம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள். மேற்கே வருண லிங்கத்துக்கும் வடமேற்கே வாயு லிங்கத்துக்கும் இடையில் ஒரு சிற்றூரும் அதில் ஒரு பழைய சிவன் கோயிலும் இருக்கின்றன. அந்த ஊரைச் சிலர் ‘அடி அண்ணாமலை’ என்று எழுதுகிறார்கள், சிலர் ‘ஆதி அண்ணாமலை’ என்று எழுதுகிறார்கள். மலையின் அடியில் இருப்பதால் அடி. பிரம்மா வழிபட்ட முதல் கோயில் என்ற நம்பிக்கையால் ஆதி. இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

அந்த ஊரைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் விக்கிப்பீடியாவில் ‘ஆதி’ என்று இருப்பதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘தொகு’ என்ற இடத்தைச் சொடுக்கி ‘அடி’ என்று மாற்றிவிடுகிறார். சற்று நேரத்தில் முகம் தெரியாத ஒருவர் அதைப் பழையபடி ஆக்கிவிடுகிறார். இப்போது அந்த மாணவி யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி சின்னதுதான். ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லும் ஒரு கலைக்களஞ்சியம் வளருமா, தேயுமா என்பது இந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. பதில் கிடைத்தால் அவர் இன்னொரு கட்டுரை எழுதுவார். கிடைக்காவிட்டால் போய்விடுவார், திரும்ப வரமாட்டார்.

அச்சுக் காலம்

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி இணையத்தோடு தொடங்கியது அல்ல. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டு ‘அபிதான கோசம்’ என்ற நூலை வெளியிட்டார். சென்னையில் ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் தனி ஆளாக உழைத்து ‘அபிதான சிந்தாமணி’யைத் தொகுத்தார். எழுதி முடித்த பிறகுதான் பெரிய சோதனை வந்தது. அவ்வளவு பெரிய நூலை அச்சிட உதவி கேட்டு அவர் பலரை அணுகியும் பலன் இல்லை. கடைசியில் கைகொடுத்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். அவர் உதவியால் 1910ஆம் ஆண்டு நூல் வெளிவந்தது.

அதன் இரண்டாம் பதிப்பு 1934ஆம் ஆண்டில், அதாவது ஆசிரியர் மறைந்த பிறகுதான் வந்தது. முதல் பதிப்பில் ஒரு பிழையைக் கண்ட வாசகர், அது திருத்தி அச்சாவதைப் பார்க்க 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நாடு விடுதலை பெறும் காலத்தில் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியால் தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் பெரும் பணி ‘கலைக்களஞ்சியம்’. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியர். முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963இலும், இணைப்பாகப் பத்தாம் தொகுதி 1968இலும் வந்தன. பல துறை அறிஞர்கள் கூடி எழுதிய நூல் இது. அபிதான சிந்தாமணி போல ஒருவர் தோளில் ஏற்றிய சுமை அல்ல.

இந்த நூல்கள் எல்லாவற்றிலும் உதவி என்பது உள்ளே இருந்தவர்களுக்குள் நடந்தது. அறிஞர் எழுதினார், பதிப்பாசிரியர் திருத்தினார், புரவலர் பணம் கொடுத்தார். வாசகர் வாங்கிப் படித்தார். அடி அண்ணாமலையில் இருப்பவருக்கு ஒரு திருத்தம் தோன்றினால் கடிதம் போடலாம், அவ்வளவுதான்.

வாசலைத் திறந்துவிட்டவர்கள்

1995இல் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம், பார்ப்பவர் எவரும் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த ‘விக்கி’ என்ற பெயர் ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்று பொருள்படும். 2000ஆம் ஆண்டு ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் ‘நியூபீடியா’ என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். அது அறிஞர்கள் எழுதி ஏழு கட்டச் சோதனையைத் தாண்டி வர வேண்டிய அமைப்பு. கட்டுரைகள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே வந்து சேர்ந்தன. அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியா, சில மாதங்களிலேயே அதை விழுங்கிவிட்டது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து அபுதாபியில் கட்டடக் கலைஞராகப் பணிபுரிந்த இ. மயூரநாதன் அந்த ஆண்டு நவம்பரில் வந்து சேர்ந்தார். இடைமுகத்தைத் தமிழாக்கியதோடு ஆயிரக்கணக்கான கட்டுரைகளையும் எழுதினார். இந்தப் பணிக்காக 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு வழங்கியது.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் புதிதாக வருபவருக்குத் தேவைப்பட்ட முதல் உதவி கலைக்களஞ்சியம் பற்றியதே அல்ல. ‘தமிழ் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது? தமிழில் எப்படித் தட்டச்சு செய்வது?’ என்பவைதான் முதல் கேள்விகள். பாமினி, திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கோர் எழுத்துமுறை வைத்திருந்த காலம் அது. ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரியும். விக்கிப்பீடியாவோ யுனிகோடில் இயங்கியது. இ-கலப்பை, முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் அந்தச் சிக்கலை எளிதாக்கின. ஆனால் அவற்றை எங்கே பெறுவது, எப்படி நிறுவுவது என்பதையும் யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது. 2011இல் விக்கிப்பீடியாவுக்குள்ளேயே தட்டச்சுக் கருவி வந்த பிறகுதான் அந்தப் பாரம் குறைந்தது.

குழாயடி அல்ல, ஆலமரத்தடி

ஆங்கில விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் பக்கத்துக்கு ஊர்ப் பொதுக்குழாயின் பெயரை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எடுக்க வருபவர்கள் நின்று பேசும் இடம் என்பது அதன் உட்பொருள். அதை அப்படியே தமிழில் ‘குழாயடி’ என்று வைத்திருந்தால் படிப்பவர்களுக்குச் சண்டைதான் நினைவுக்கு வந்திருக்கும்! தமிழில் அதற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். ஊர்ப் பஞ்சாயத்து கூடும் இடம். உதவி கேட்கும் பக்கத்துக்கு ‘ஒத்தாசைப் பக்கம்’ என்று பெயர். எழுதிப் பழகும் இடம் ‘மணல்தொட்டி’. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியது போலவே இங்கும் எழுதலாம், அழிக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒத்தாசைப் பக்கத்துக்கு என்ன மாதிரியான கேள்விகள் வரும்? படம் எப்படிச் சேர்ப்பது, கட்டுரையை ஏன் நீக்கினீர்கள், தலைப்பை எப்படி மாற்றுவது என்பவை எப்போதும் வரும் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விதி இருக்கிறது. வேறு இணையதளத்திலிருந்து எடுத்த கோயில் படத்தைப் போட்டால் பதிப்புரிமைக் காரணத்தால் அது நீக்கப்படும். தானே எடுத்த படமானால் கட்டற்ற உரிமத்தில் பொதுவகத்தில் ஏற்றலாம். கணக்கு தொடங்கிய அன்றே தலைப்பை நகர்த்த முடியாது, சில நாள் பொறுக்க வேண்டும். இவை எதுவும் புதியவருக்குத் தானாகத் தெரியாது.

அடி அண்ணாமலை மாணவியின் கேள்விக்கும் இங்கே விடை உண்டு. இரண்டு பெயர்களும் வழக்கில் இருந்தால் ஒன்றைத் தலைப்பாக வைத்து, மற்றதை முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும். இரண்டாவது பெயரில் தேடுபவரும் அதே கட்டுரைக்கு வந்து சேர ‘வழிமாற்று’ ஒன்றை உருவாக்க வேண்டும். எது தலைப்பு என்பதில் கருத்து வேறுபாடு இருந்தால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் பேசித் தீர்க்க வேண்டும். இவ்வளவையும் யாராவது நான்கு வரியில் எழுதினால் போதும். ‘சான்று இல்லை, மீளமைக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதுவதும் விதிப்படி சரிதான். ஆனால் அதைப் படிப்பவருக்குக் கதவு சாத்தியது போல இருக்கும்.

இது வெறும் மனத்தாங்கல் பற்றிய பேச்சு அல்ல. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோரின் எண்ணிக்கை 2007ஆம் ஆண்டுக்குப் பிறகு குறையத் தொடங்கியது. ஆரன் ஹாஃபேக்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தை எடுத்துக்காட்டியது. நாசவேலையைத் தடுக்க உருவான கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்ல எண்ணத்துடன் வந்த புதியவர்களையும் சேர்த்தே விரட்டிவிட்டன என்பதுதான் அது. கேள்வி கேட்க வருபவர்களை அன்போடு வரவேற்பதற்கென்றே 2012இல் அங்கே ‘தேநீர்க் கடை’ போன்ற ஒரு பக்கம் தொடங்கப்பட்டிருந்தது. ஆலமரத்தடி வைத்திருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

பணம் வந்தது, பதில் வரவில்லை

2009ஆம் ஆண்டையொட்டி கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தி, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் சேர்த்தது. நீளமான கட்டுரைகள் வந்து குவிந்தன. ஆனால் பல இடங்களில் நடை தமிழாகவே இல்லை. ஆங்கில வாசகருக்கு வேண்டிய தலைப்புகள் பல, தமிழ் வாசகர் தேடும் தலைப்புகள் சில. தமிழ் விக்கிப்பீடியர்கள் பேச்சுப் பக்கங்களில் பிழைகளைச் சுட்டினார்கள். எழுதியவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

வங்காள விக்கிப்பீடியா இத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தது. தமிழில் பேசிப் பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். தேவையான தலைப்புகளைப் பரிந்துரைத்தார்கள், தரத்துக்கு நிபந்தனை கேட்டார்கள். இந்த அனுபவத்தை 2010இல் போலந்து நாட்டின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் எடுத்துரைத்தார்.

அதே 2010இல், கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, கல்லூரி மாணவர்களுக்கான விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டியைத் தமிழக அரசு விக்கிப்பீடியர்களுடன் சேர்ந்து நடத்தியது. 2017இல் ஆசிரியர்களுக்கான பயிற்சிகள் நடந்தன. அந்த ஆண்டு மே மாதம் கட்டுரை எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டு ‘வேங்கைத் திட்டம்’ என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கிடையே போட்டி நடந்தது. அதில் தொடர்ந்து எழுதுவோருக்கு மடிக்கணினியும் இணைய உதவியும் கிடைத்தன. இவை எல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் கருவி கொடுப்பது ஒரு உதவி, எழுதியதைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்வது இன்னொரு உதவி. முதலாவதைப் பணத்தால் செய்ய முடியும். இரண்டாவதற்கு, வேலை முடிந்து வீடு வந்த பிறகு, ஏற்கெனவே நூறு முறை பதில் சொன்ன கேள்விக்கு மறுபடியும் பொறுமையாகப் பதில் சொல்லும் ஒருவர் வேண்டும்.

பாட்டி சொன்னது சான்றாகுமா?

எல்லாக் கேள்விக்கும் ஒத்தாசைப் பக்கத்தில் விடை கிடைத்துவிடுவதும் இல்லை. ‘எங்கள் ஊரில் எல்லாரும் அடி என்றுதான் சொல்கிறோம், பாட்டி காலத்திலிருந்தே அப்படித்தான்’ என்று அந்த மாணவி சொன்னால் என்ன செய்வது? விக்கிப்பீடியாவின் விதி, வெளியான நூல் அல்லது நம்பத்தக்க ஆவணம் வேண்டும் என்கிறது. பாட்டியின் பேச்சு அதில் அடங்காது.

விதியில் நியாயம் இருக்கிறது. யார் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொண்டால் கலைக்களஞ்சியம் வதந்திக் களஞ்சியம் ஆகிவிடும். அச்சில் இருப்பதும் ஒன்றுபோல இருப்பதில்லை. அண்ணாமலையின் உயரம் ஓரிடத்தில் 2,668 அடி, இன்னோரிடத்தில் 2,682 அடி. ஆனால் மறுபக்கமும் உண்டு. பெரிய கோயிலுக்குக் கல்வெட்டுத் தொகுதிகளும் தலபுராணமும் இருக்கின்றன. மலைக்குப் பின்னால் இருக்கும் சிற்றூரின் தெருவுக்கும் குளத்துக்கும் யார் நூல் எழுதினார்கள்? 2011இல் அச்சல் பிரபாலா இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழிப் பதிவுகளைச் சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுதும் சோதனை ஒன்றைச் செய்தார். ‘மக்களே அறிவு’ என்று பொருள்படும் தலைப்பில் அதைப் படமாகவும் எடுத்தார்கள். விவாதம் பெரிதாக நடந்தது, விதி மாறவில்லை.

ஆகவே இன்றைக்கு அந்த மாணவிக்குச் சொல்லக்கூடியது இதுதான்: ஊராட்சி ஆவணம், கல்வெட்டு நூல், பழைய அரசு வெளியீடு, நாளிதழ்ச் செய்தி என்று ஏதாவது ஒன்றில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்த்துப் பேச்சுப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும். இந்த வேலையை அபுதாபியில் இருப்பவரோ சிட்னியில் இருப்பவரோ செய்வது கடினம், ஊரில் இருப்பவரால் முடியும். உதவி கேட்க வந்தவர்தான் அந்தக் கட்டுரைக்கு மிகவும் தேவையானவர்.

இன்று தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எழுதி முடித்த கட்டுரை என்று அதில் எதுவும் இல்லை. 2024இல் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சி ஆனது. அந்த ஒரு மாற்றத்தால் எத்தனையோ கட்டுரைகளில் திருத்தம் தேவைப்பட்டது. அபிதான சிந்தாமணி என்றால் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். இங்கே ஐந்து நிமிட வேலை, அதைச் செய்ய ஒருவர் மிஞ்சியிருந்தால்.

திருத்தம் செய்ய நினைத்து நின்றுபோனவர்கள் ஒத்தாசைப் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதினால் போதும்: எந்தக் கட்டுரை, எதை மாற்ற வேண்டும், அதற்கு என்ன சான்று. சிங்காரவேலு முதலியார் போல ஊர் ஊராக உதவி தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்து வரும் அந்தக் கேள்வி நூற்றோராவது முறையாக வந்தாலும், கேட்பவருக்கு அதுதான் முதல் முறை என்பதை நினைவில் வைத்துப் பதில் எழுத வேண்டும்.