மெரினாவைக் கட்டியது யார்?

நாலு வருஷம் சென்னையில் படித்தேன். மெரினாவுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. பரீட்சை நன்றாக எழுதினாலும் பீச், அரியர் விழுந்தாலும் பீச். கையில் சுண்டல் பொட்டலம், காலில் மணல். அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. இத்தனைக்கும் நான் சிவில்! மலர்க் குழு நண்பர்கள் சென்னையின் சரித்திர இடங்களைப் பற்றி எழுதச் சொன்னதும், அந்த மணலைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. சந்திப்பு முடிந்து ராத்திரி ரயிலுக்குக் காத்திருக்கும் நண்பர்களும், ஞாயிற்றுக்கிழமையை ஹாஸ்டலில் தூங்கிக் கழிக்கும் தம்பி தங்கைகளும் ஒரு நாள் ஒதுக்கினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முதலில் கோட்டை. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் இடம் வாங்கியபோது துறைமுகம் என்று சொல்ல இங்கே எதுவும் இல்லை. திறந்த கடல், ஓயாத அலை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் ஏறித்தான் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். விறைப்பான படகு அலையடித்துத் தரை தட்டினால் பிளந்துவிடும். இது வளைந்து கொடுக்கும். (இந்த ஒரு விஷயத்தை நமக்குப் புரியவைக்க ஒரு முழு செமஸ்டர் ஆனது!)

கோட்டைக்குள் 1680-இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம் இருக்கிறது. ராபர்ட் கிளைவ் 1753-இல் கல்யாணம் செய்துகொண்டது அங்கேதான். குண்டு விழுந்தாலும் தாங்கும்படி போட்ட வளைவுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில் உள்ள அருங்காட்சியகக் கட்டடம் அந்தக் காலத்து வியாபாரிகளின் எக்ஸ்சேஞ்ச். அதன் உச்சியில்தான் 1796-இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் அடையாள அட்டை மறக்க வேண்டாம்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் உயர்நீதிமன்றம். வளாகத்துக்குள் கருங்கல் தூண் ஒன்று தனியாக நிற்கும். வழக்குக்கு வந்தவர்கள் பலரும் அதை ஏதோ நினைவுத்தூண் என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். 1844-இல் ஏற்றிய இரண்டாவது கலங்கரை விளக்கு அது. ஐம்பது வருஷம் கப்பல்களுக்கு வழிகாட்டியது. 1892-இல் உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்த பிறகு, 1894-இல் விளக்கு அதன் பெரிய கோபுரத்தின் மேலே போய் உட்கார்ந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டதும் இந்தப் பக்கம்தான். நீதிமன்றச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு உண்டு. "அவன் சரியான எம்டன்டா" என்று நம் தாத்தாக்கள் சொன்னது அந்தக் கப்பலை வைத்துத்தான்.

எதிரே துறைமுகம். நம் மணல் கதை ஆரம்பிப்பது இங்கேதான். 1870-களின் நடுவில் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியதுபோலக் கல்லால் அலைதடுப்புச் சுவர் போட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதைப் பிய்த்துப் போட்டது. விடாமல் திரும்பக் கட்டினார்கள். ஆனால் புயலைவிடப் பெரிய எதிரி மணல். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி அலை மணலை வடக்கே தள்ளும்; வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் மணல் போவது வடக்கேதான். குறுக்கே சுவர் வந்ததும் அது தெற்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. துறைமுக வாயிலையும் அடைக்கப் பார்த்தது. பிறகு ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயிலை மூடி, வடகிழக்கில் புது வாயில் வைத்தார்கள்.

தெற்கே தங்கிய அந்த மணல்தான் இன்றைய அகலமான மெரினா! அதற்கு முன்பு கடல் எவ்வளவு கிட்டே இருந்தது என்று தெரிய வேண்டுமானால் ஐஸ் ஹவுஸ் போய்ப் பாருங்கள். இன்று விவேகானந்தர் இல்லம். 1897-இல் சுவாமிஜி தங்கிய இடம். 1842-இல் ஃபிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைக்கக் கட்டிய கிடங்கு அது. உருகும் சரக்கைக் கரையோரமாகத்தானே இறக்குவான்? இன்று அதன் வாசலில் நின்றால் சாலையையும் தாண்டி, மணலில் நெடுந்தூரம் நடந்தால்தான் காலில் தண்ணீர் படும். 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் இங்கே உலாவச் சாலை போட்டு, சிசிலி நினைவாக மெரினா என்று பெயர் வைத்தார். பெயர் அவர் வைத்தது. மணல் யாரும் திட்டம் போட்டு வந்ததில்லை. நாலாவது கலங்கரை விளக்கு 1977 முதல் இந்தக் கடற்கரையில்தான் எரிகிறது.

இத்தோடு ரயில் ஏறிவிடாதீர்கள். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் வாருங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, கடலோரமாகக் காசிமேடு தாண்டிப் போங்கள். அங்கே மெரினா மாதிரி மணல் இல்லை. கரை நெடுகக் கருங்கல் குவியல். தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் வராமல் நின்றது. கடல் எடுத்துக்கொண்டு போவது மட்டும் நிற்கவில்லை. குப்பங்களில் வீடும் தெருவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போயின.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம் கல் கொட்டும் வேலைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். கவிழ்த்து வைத்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கடலுக்குள் கை காட்டி, "அதோ, அலை உடையுது பாரு சார், அங்கதான் எங்க வூடு இருந்துச்சி" என்றார். எந்த ஊர், எங்கே படித்தேன் என்றெல்லாம் விசாரித்தார். சாயங்காலமானால் மெரினாவுக்குப் போய்விடுவோம் என்று நானும் பெருமையாகச் சொன்னேன்.

"நல்லாப் போ சார். ஆனா அது எங்க மண்ணு."

லாரி வந்து நின்றது. அன்று இருட்டும் வரை கல் இறக்கிக்கொண்டிருந்தோம். அவரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.