அரைத்தல் இணைத்தலான வரலாறு

அரைத்தல் என்றால் பொடியாக்குதல் என்றே எண்ணப் பழகியிருக்கிறோம். வெவ்வேறு உலோகங்களை ஒன்றாக்கும் பணி நெருப்புக்கே உரியது என்பதும் நெடுங்கால நம்பிக்கை. அந்த நம்பிக்கை மெல்ல மெல்லவே தளர்ந்தது.

கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், கற்களைப் பற்றிய தமது நூலில் ஒரு செய்முறையைக் குறித்துள்ளார்: செம்புக் கல்வத்தில் காடி விட்டுச் செம்புக் குழவியால் சாதிலிங்கத்தை அரைத்தால் பாதரசம் வெளிப்படும். இந்திய இரச மருத்துவத்திலோ பாதரசமும் கந்தகமும் கல்வத்தில் அரைபட்டுக் 'கஜ்ஜளி' என்னும் கரும்பொடியாயின. கைகள் அறிந்திருந்த இவ்வினைக்கு விளக்கம் பிறக்க நெடுங்காலமாயிற்று.

அதற்கு வழி திறந்தவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மேத்யூ கேரி லீ (1823–1897). சூடேற்றினால் சில்வர் குளோரைடு சிதையாமல் உருகும்; மெர்க்குரிக் குளோரைடு சிதையாமல் ஆவியாகும். கல்வத்தில் அழுத்தி அரைத்தபோதோ இரண்டுமே சிதைவுற்றன. வெப்பம் செய்யாததை விசை செய்யும் என்பது 1890-களில் இவ்வாறு தெளிவாயிற்று.

தொழிலுலகம் இதன் பயனைக் கண்டது வேறொரு தேவையால். விமான எஞ்சின்களின் டர்பைன் உறுப்புகளுக்குக் கடுஞ்சூட்டிலும் தளராத நிக்கல் கலப்புலோகம் வேண்டியிருந்தது. நுண்ணிய ஆக்சைடு துகள்கள் அதனுள் சீராகப் பரவியிருந்தால் வலிமை நிலைக்கும். ஆனால், உருகிய நிக்கலில் எடை குறைந்த ஆக்சைடு மேலெழுந்து மிதந்துவிடும்.

1966-ஐ ஒட்டி, அமெரிக்காவில் இன்கோ நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜான் பெஞ்சமின் உருக்குவதையே கைவிட்டார். குண்டுகள் விசையோடு மோதும் அரைகலத்தில் பொடிகளை இட்டார். மோதும் குண்டுகளுக்கிடையே சிக்கிய துகள்கள் நசுங்கின, ஒன்றோடொன்று ஒட்டின, இறுகி உடைந்தன, மீண்டும் ஒட்டின. பல மணி நேரம் இது தொடர்ந்தபோது, ஆக்சைடு ஒவ்வோர் உலோகத் துகளினுள்ளும் சீராகப் புதைந்தது.

முதலில் இதற்கு 'அரைத்தல், கலத்தல்' என்ற பொருளிலேயே பெயர் வழங்கியது. முதல் காப்புரிமை விண்ணப்பத்தின்போது, நிறுவனத்தின் காப்புரிமை வழக்கறிஞர் யூவன் மெக்வீன், 'இயந்திரவழிக் கலப்புலோகமாக்கம்' என்னும் பொருள்படப் புதுப்பெயர் சூட்டினார். விளைவது வெறும் கலவையன்று, கலப்புலோகம் என்பதை அப்பெயரே அறிவித்தது.

1983-இல் கோக் குழுவினர் நிக்கல், நையோபியம் பொடிகளை இம்முறையில் அரைத்து, படிக ஒழுங்கற்ற உலோகத்தைப் பெற்றனர். அதுவரை அத்தகைய உலோகத்திற்குப் பெரிதும் கையாளப்பட்ட வழி, உருக்கி நொடிப்பொழுதில் குளிர்விப்பது. வேக ஈனுலைகளின் எரிபொருள் உறைக் குழாய்களுக்கான ஆக்சைடு பரவிய எஃகை, கல்பாக்கம், ஹைதராபாத் ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கியதும் இவ்வழியில்தான். அங்கும் முதல் வேலை, பொடிகளைக் கலத்திலிட்டு அரைப்பதே.