ஈர விறகும் இரும்பு அடுப்பும்

மழைக்காலத்தில் நனைந்த விறகை வைத்து அடுப்பு ஊதியிருக்கிறீர்களா? கண்ணெரிச்சலும் இருமலும்தான் மிச்சம், உலை கொதிக்காது. நமக்கு இது சமையல் தொல்லை. கடுங்குளிர் நாடுகளிலோ, விறகு எரியாவிட்டால் வீடே உறைந்துபோகும். ஆகவே அங்கு விறகின் வரலாறு உயிர் பிழைத்த வரலாறாகவே இருந்தது எனலாம்.

பழைய ஐரோப்பிய வீடுகளில் சுவரோரம் திறந்த கணப்பு இருக்கும். அதன் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். காடுகள் அருகில் இருந்தவரை இந்த வீண்செலவை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் 1744-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு சிறு நூலில் கவலை தெரிவித்தார். முன்பு வாசலிலேயே கிடைத்த விறகைச் சில ஊர்களுக்கு ஏறத்தாழ 100 மைல் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது என்றார். இதற்கு மாற்றாக அவர் அமைத்ததே இரும்புக் கணப்பு. அதற்குக் காப்புரிமை பெற அவர் மறுத்துவிட்டார்.

சுவீடனிலும் இதே விறகுக் கவலை. அங்கு 1767-இல் கிரான்ஸ்டெட், விரேடே என்னும் இருவர் ஓட்டு அடுப்பைத் திருத்தி அமைத்தனர். புகை உள்ளே பலமுறை ஏறி இறங்கிச் செங்கற்களைச் சூடாக்கிய பிறகே வெளியேறும். 1796-இல் ரம்போர்டு பிரபு புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கியும் கணப்பின் ஆழத்தைக் குறைத்தும் வெப்பத்தை அறைக்குள் திருப்பினார்.

அடுப்பு திருந்தினால் மட்டும் போதுமா? விறகும் பக்குவப்பட வேண்டுமே! அப்போது வெட்டிய மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி நீராக இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு கிலோ விறகில் அரைக் கிலோ நீர் உண்டு. அதை ஆவியாக்கச் சுமார் 310 கிலோ கலோரி வேண்டும். மீதமுள்ள அரைக் கிலோ கட்டை தருவதோ சுமார் 2,200 கிலோ கலோரி. ஆக, ஏழில் ஒரு பங்கு வெப்பம் நீருக்கே போய்விடுகிறது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. தீயின் சூடு குறைவதால், மரத்திலிருந்து எழும் வாயுக்கள் எரியாமலே புகையாகின்றன. அவை குளிர்ந்த புகைபோக்கியில் தார் போலப் படிகின்றன. பின்னர் ஒரு நாள் அந்தப் படிவே தீப்பற்றி வீட்டையும் எரித்துவிடலாம். காற்றை அடக்கி மெதுவாக எரிக்கும் மூடிய அடுப்பில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவேதான் குளிர்நாட்டார் விறகை முன்கூட்டியே பிளந்து அடுக்கினார்கள். பட்டை ஈரத்தை எளிதில் வெளியே விடாது. பிளந்தால் உட்புறம் காற்றுக்குத் திறக்கிறது. தரையைத் தொடாமல், மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் இருக்கும்படி அடுக்க வேண்டும். ஓக் போன்ற கெட்டி மரம் உலர இரண்டு ஆண்டுகளும் ஆகலாம்.

தீ மூட்டச் சுள்ளி எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுரக் கட்டையின் மேற்பரப்பு 600 சதுர செ.மீ. அதையே ஒரு செ.மீ. தடிமனுள்ள 100 குச்சிகளாகப் பிளந்தால் மேற்பரப்பு 4,200 சதுர செ.மீ. ஆகிவிடும். மரம் அதேதான், காற்றைத் தொடும் பரப்போ ஏழு மடங்கு! குச்சி மெலிந்திருப்பதால் விரைவில் சூடேறித் தீயும் பற்றுகிறது.

இந்தப் பழைய அறிவு இன்று சட்டமாகவும் ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களைக் குறைப்பதே இதன் நோக்கம். உலர்ந்த விறகிலும் புகை அறவே இல்லாமல் போகாது; குறையும், அவ்வளவே.

அடுத்த முறை அடுப்பு புகைந்தால், ஊதுவதற்கு முன் விறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது கனத்தால், நீங்கள் எரிப்பது மரத்தை மட்டுமன்று, தண்ணீரையும் சேர்த்துத்தான்!